லென்ஸின் துளை எத்தனை மில்லிமீட்டர்?

கேமரா வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். ஒரு பக்கம் பையில் போட்டுக்கொண்டு போகக்கூடிய அல்ட்ரா காம்பாக்ட். இன்னொரு பக்கம் லென்ஸைக் கழற்றி மாட்டும் மிர்ரர்லெஸ். விலையும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரிகிறது. கேட்கிற இடத்திலெல்லாம் வரும் பதிலும் ஒன்றுதான்: "சென்சார் பெரிசு, அதனால மிர்ரர்லெஸ் வாங்குங்க."

இந்தப் பதிலில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கியவர்கள், அரைக் கிலோ எடையைத் தோளில் சுமந்துகொண்டு, கால் கிலோ கேமரா எடுக்கும் அதே படத்தை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த மீதிப் பாதியைத்தான் இங்கே கணக்குப் போட்டுப் பார்க்கப் போகிறோம்.

பொதுவாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது. கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய கேமராக்களையே எடுத்துக்கொள்வோம். காம்பாக்ட் பக்கம் சோனி ஆர்எக்ஸ்100 வரிசை. 2012-இல் முதல் மாடல் வந்தது. அதில் 2014-இன் மார்க் 3, 2019-இன் மார்க் 7 இரண்டும் நமக்குப் போதும். மிர்ரர்லெஸ் பக்கம் 2019-இல் வந்த சோனி ஏ6400, அதோடு பெட்டியிலேயே வரும் 16-50 கிட் லென்ஸ். எல்லாமே ஒரே நிறுவனம் என்பதால் நிறம், மெனு என்ற குழப்பம் இல்லாமல் அளவை மட்டும் ஒப்பிடலாம்.

ஆர்எக்ஸ்100-இன் சென்சார் 13.2-க்கு 8.8 மி.மீ. "ஒரு இன்ச் சென்சார்" என்று சொன்னாலும் அதில் எந்தப் பக்கமும் ஒரு இன்ச் கிடையாது. அது பழைய வீடியோ குழாய் காலத்துப் பெயர். ஏ6400-இல் இருப்பது ஏபிஎஸ்-சி, 23.5-க்கு 15.6 மி.மீ. பரப்பைப் பெருக்கிப் பார்த்தால் 116 சதுர மி.மீ.க்கு எதிராக 367. மூன்று மடங்குக்குச் சற்று அதிகம். புகைப்படக்காரர் பாஷையில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்காவது). இதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள், சரியாகவும் சொல்கிறார்கள்.

ஆனால் சென்சார் என்பது கிண்ணம். கிண்ணத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதை முடிவு செய்வது மேலே இருக்கும் துளை. அந்தத் துளையை அளப்பது சுலபம்: லென்ஸின் உண்மையான ஃபோக்கல் லெங்த்தை (எவ்வளவு அகலமாக அல்லது நெருக்கமாகப் பார்க்கும் என்பதைச் சொல்லும் மி.மீ. அளவு) எஃப் எண்ணால் வகுத்தால் போதும். மார்க் 3-இன் லென்ஸ் அகலமான பக்கத்தில் 8.8 மி.மீ., எஃப்/1.8. வகுத்தால் துளையின் விட்டம் 4.9 மி.மீ. ஏ6400-இன் கிட் லென்ஸ் அதே அகலத்தில் 16 மி.மீ., எஃப்/3.5. வகுத்தால் 4.6 மி.மீ.

இன்னொரு தடவை பாருங்கள். கழுத்தில் தொங்கும் கேமராவின் துளை 4.6, பைக்குள் இருப்பதன் துளை 4.9.

ஜூமின் மறுமுனையிலும் இதே கதைதான். மார்க் 3-இல் 25.7-ஐ 2.8-ஆல் வகுத்தால் 9.2 மி.மீ. கிட் லென்ஸில் 50-ஐ 5.6-ஆல் வகுத்தால் 8.9. இரண்டு கேமராவும் ஒரே கோணத்தில் ஒரே காட்சியைப் பார்க்கும்போது, காட்சியிலிருந்து உள்ளே வரும் மொத்த வெளிச்சம் துளையின் பரப்பைப் பொறுத்தது. துளை சமம் என்றால் வெளிச்சமும் சமம். பெரிய சென்சார் அதே வெளிச்சத்தை அகலமாகப் பரப்பி வைக்கிறது, அவ்வளவுதான். நாய்ஸும் (படத்தில் தெரியும் மணல்தன்மை) பின்னணி மங்கலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும்.

வீட்டுத் திண்ணையில் கார்த்திகை விளக்கு வரிசையை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். நகராத அகல் விளக்குகள், பக்கத்தில் ஒரு முகம். மார்க் 3-இன் 8.8 மி.மீ. அகலத்தை ஃபிலிம் கேமராக் கணக்கில் 24 மி.மீ. என்பார்கள், காம்பாக்ட்களுக்கு இனி வரும் 24, 35, 70, 200 எல்லாம் அந்தக் கணக்குதான். மார்க் 3-ஐ 24 மி.மீ.யில் எஃப்/1.8, ஷட்டர் 1/30 நொடி என்று வைத்தால் ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் சிக்னலைப் பெருக்கும் அளவு) 800 தேவைப்படும் அளவு வெளிச்சம் அது. அதே 1/30-இல் ஏ6400 கிட் லென்ஸ் எஃப்/3.5-க்குமேல் திறக்காது. எனவே ஐ.எஸ்.ஓ. 3200 வரை ஏற வேண்டும். ஏபிஎஸ்-சி சென்சாரின் 3200, ஒரு இன்ச் சென்சாரின் 1000-க்குச் சமமான மணல்தன்மையைத் தரும். 800-க்கும் 1000-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

இதில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. இதே காட்சிக்கு அதிக விலையுள்ள மார்க் 7-ஐ எடுத்தால், அதன் லென்ஸ் எஃப்/2.8-இல்தான் தொடங்குகிறது. ஐ.எஸ்.ஓ. 2000 ஆகிவிடும். 24 முதல் 200 வரை ஜூம் வேண்டும் என்பதற்காகத் துளையை 3.2 மி.மீ.க்குச் சுருக்கிக்கொண்ட கேமரா அது. பகலில் சுற்றுலா போகிறவருக்கு மார்க் 7 அருமையான பொருள். விளக்கு வெளிச்சத்திலும் வீட்டுக்குள்ளும் படம் எடுப்பவருக்கு ஐந்து வருடம் மூத்த மார்க் 3 ஒரு ஸ்டாப்புக்கும் மேல் முன்னால் நிற்கிறது. புது மாடல் என்ற காரணத்துக்காக மட்டும் மேலே போகாதீர்கள்.

மார்க் 3-க்கும் ஒரு குறை உண்டு. எஃப்/1.8 என்பது முழு அகலத்தில் மட்டும்தான். ஜூமைக் கொஞ்சம் நகர்த்தினாலே எண் ஏற ஆரம்பித்து, 35 மி.மீ. வருவதற்குள் 2.8 ஆகிவிடும். இருட்டில் அந்தக் கேமராவை 24-இலேயே வைத்துக்கொண்டு, காலால் நடந்து பக்கத்தில் போவதுதான் வழி. மார்க் 3 அகலமான பக்கத்தில் 5 செ.மீ. வரை நெருங்கி ஃபோகஸ் செய்யும் என்பதால் ஒரு அகல் விளக்கின் திரியை மட்டும் முன்னால் பெரிதாக வைத்து, வரிசை முழுவதையும் பின்னால் கொண்டுவரலாம். ஏ6400 கிட் லென்ஸுக்குக் குறைந்தது 25 செ.மீ. தள்ளி நிற்க வேண்டும்.

சரி, மிர்ரர்லெஸ் எங்கே ஜெயிக்கிறது?

கிட் லென்ஸைக் கழற்றும் இடத்தில்.

சிக்மா 30 மி.மீ. எஃப்/1.4 என்று ஒரு லென்ஸ் இருக்கிறது. 265 கிராம், 52 மி.மீ. ஃபில்டர் வாய். இதன் துளை 21.4 மி.மீ. ஏ6400-இல் மாட்டினால் ஃபிலிம் கேமராக் கணக்கில் 45 மி.மீ. பார்வைக் கோணம் கிடைக்கும். மார்க் 3-ஐ அதே கோணத்துக்கு ஜூம் செய்தால் அதன் துளை சுமார் 6 மி.மீ. விட்டத்தில் மூன்றரை மடங்கு, பரப்பில் 13 மடங்கு. மூன்றரை ஸ்டாப்புக்கும் மேல் வித்தியாசம். இங்கே இரண்டு கேமராவும் வெவ்வேறு உலகத்துக்குப் போய்விடுகின்றன.

மேலே சொன்ன திண்ணையில், சிக்மாவை எஃப்/1.4-இல் வைத்து, ஷட்டரை 1/60-க்கு வேகப்படுத்தினால்கூட ஐ.எஸ்.ஓ. 1000 போதும். சிறிய சென்சாரில் 320-க்குச் சமமான சுத்தம். மத்தாப்புக் குச்சியோடு ஓடும் குழந்தைக்கு 1/250 வேண்டும். அப்போது ஐ.எஸ்.ஓ. 4000. ஏ6400-இல் இது தாராளமாக நிற்கும். மார்க் 3-இல் அதே வேகத்துக்கு 6400-ஐத் தாண்ட வேண்டும், அந்தச் சென்சாரில் 6400 என்பது முகத்தின் தோல் நிறமே கரைந்துபோகும் இடம். ஃபோகஸும் கைவிடும். மார்க் 3-இல் மாறுபாட்டைத் தேடிப் பிடிக்கும் பழைய முறை மட்டும்தான் உண்டு. லென்ஸ் முன்னும் பின்னும் ஆடி ஃபோகஸ் பிடிப்பதற்குள் குழந்தை திண்ணையைத் தாண்டியிருக்கும். ஏ6400-இலும் மார்க் 7-இலும் சென்சார்மேலேயே, ஃபோகஸை எந்தப் பக்கம் எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று உடனே அளக்கும் பேஸ் டிடெக்ஷன் புள்ளிகள் இருக்கின்றன, கண்ணைப் பிடித்துக்கொண்டு கூடவே வரும்.

ஆனால் நகராத காட்சியில் சிக்மாவுக்கு ஒரு பலவீனம். அதில் கை நடுக்கத்தைத் தாங்கும் வசதி இல்லை, ஏ6400-இன் உடலிலும் இல்லை. கிட் லென்ஸில் இருக்கிறது, மார்க் 3-இலும் இருக்கிறது. விளக்குகளை மட்டும் எடுப்பதென்றால் மார்க் 3-ஐ மூச்சைப் பிடித்து 1/8-இல் அழுத்தலாம். ஐ.எஸ்.ஓ. 200-க்கு இறங்கிவிடும். சிக்மாவை 1/60-க்குக் கீழே நம்பிக்கையோடு இறக்க முடியாது. 13 மடங்கு துளையின் லாபத்தில் பெரும் பகுதியை ஒரு சின்ன ஸ்டெபிலைசர் திருப்பி எடுத்துக்கொள்கிறது. எனவே கேள்வியை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்: நகராத பொருளா, அப்படியானால் காம்பாக்ட் கைகொடுக்கும். மனிதர்களா, குழந்தைகளா, அதுவும் இருட்டிலா, அப்படியானால் பெரிய துளை வேண்டும். வேறு குறுக்கு வழி இல்லை.

முகப்படத்துக்கும் இதே கணக்கு. சிக்மாவின் 56 மி.மீ. எஃப்/1.4-இன் துளை 40 மி.மீ. பின்னால் இருக்கும் தோரணமும் நாற்காலிகளும் நிறத் திட்டுகளாகக் கரைந்துவிடும். மார்க் 3-ஐ 70 மி.மீ.க்கு இழுத்து எடுத்தால் பின்னால் இருப்பவர் யாரென்று அடையாளம் சொல்லலாம். கல்யாணப் படம் எடுப்பவர்கள் மிர்ரர்லெஸ்ஸை விடாமல் இருப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

பறவைக்கு வந்தால் பேச்சே வேண்டாம். நவம்பரிலிருந்து மார்ச் வரை வேடந்தாங்கல் கரைமேல் நின்று பார்த்தால் கூடுகள் தண்ணீருக்கு நடுவே மரங்களில் இருக்கும். மார்க் 7-இன் 200 மி.மீ. மரத்தைக் காட்டும், பறவையை வெள்ளைப் புள்ளியாகக் காட்டும். ஏ6400-க்கு சோனியின் 70-350 லென்ஸ் அதே ஃபிலிம் கேமராக் கணக்கில் 525 மி.மீ. வரை எட்டும். 200-இல் எடுத்த படத்தை வெட்டி அந்தக் கோணத்துக்குக் கொண்டுவந்தால் 20 மெகாபிக்சலில் 3 மெகாபிக்சல்தான் மிஞ்சும். ஆனால் அந்த லென்ஸின் எடை 625 கிராம். உடலோடு சேர்த்தால் ஒரு கிலோவைத் தாண்டும்.

எடையையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், பேட்டரியோடு: மார்க் 3 290 கிராம், மார்க் 7 302, ஏ6400 உடல் மட்டும் 403, கிட் லென்ஸோடு 519, சிக்மா 30-ஓடு 668. தடிமன் இன்னும் முக்கியம். மார்க் 3 41 மி.மீ., பேன்ட் பையில் நுழையும். ஏ6400-இல் கிட் லென்ஸ் மடங்கியிருந்தாலும் பேன்ட் பையில் நுழையாது, தனிப் பை தேவை. தனிப் பை வந்துவிட்டால், அந்தப் பையை எடுத்துக்கொள்ளாத நாட்களும் வந்துவிடும்.

வெயிலில் காம்பாக்ட் செய்யும் வேலை

இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை, எனக்கோ இதுதான் காம்பாக்டின் பெரிய பலமாகப் படுகிறது. உச்சி வெயிலில் ஒருவரை நிற்கவைத்தால் கண் குழியில் நிழல் விழும். ஃபிளாஷ் போட்டு அந்த நிழலை நிரப்ப வேண்டும். ஏ6400-இல் ஷட்டர் என்பது சென்சாருக்கு முன்னால் ஓடும் திரை. திரை முழுவதும் விலகி நிற்கும் கணத்தில்தான் ஃபிளாஷ் வெடிக்க முடியும். அதன் எல்லை 1/160. ஐ.எஸ்.ஓ. 100-இல், நல்ல வெயிலில், 1/160 என்றால் அப்பர்ச்சரை எஃப்/13-க்கு மூட வேண்டும். உடலிலேயே இருக்கும் ஃபிளாஷின் கைடு நம்பர் (ஃபிளாஷின் வலுவைச் சொல்லும் எண்) 6. ஆறை 13-ஆல் வகுத்தால் 46 செ.மீ. அவ்வளவு தூரம்தான் வெளிச்சம் எட்டும். முழங்கை நீளத்தில் நின்று யாரை எடுப்பது? வெளியே பெரிய ஃபிளாஷ் வாங்கி, அதில் ஹை ஸ்பீட் சிங்க் (அந்த எல்லையைத் தாண்டிய வேகத்திலும் ஃபிளாஷ் போடும் முறை) போட்டால் தீரும், ஆனால் அது இன்னொரு செலவு, இன்னொரு எடை.

ஆர்எக்ஸ்100-இல் ஷட்டர் லென்ஸுக்குள்ளே இருக்கும் இதழ்கள். எந்த வேகத்திலும் ஒரு கணம் முழுதாகத் திறக்கும், 1/2000 வரைக்கும் ஃபிளாஷோடு ஒத்துப்போகும். ஐ.எஸ்.ஓ. 125, 1/1000, எஃப்/5.6 என்று வையுங்கள். வெயில் வெளிச்சம் சரியாக இருக்கும். ஃபிளாஷின் வலு ஒன்றாகவே இருந்தால், எஃப்/13-இல் எட்டுவதைவிட இரண்டு மடங்குக்கு மேல் தூரம் எட்டும். ஃபிளாஷ் அளவை மெனுவில் மைனஸ் 1-க்கு இறக்கினால் ஃபிளாஷ் போட்டதே தெரியாமல் முகம் மட்டும் தெளிந்து வரும். மதியத் திருவிழாக் கூட்டத்தில் இப்படி எடுத்துப் பாருங்கள்.

அதே இதழ் ஷட்டரால் சத்தமும் கிட்டத்தட்ட இல்லை. மார்கழிக் கச்சேரியில் அனுமதி வாங்கி எடுக்கும்போது, மெனுவில் பீப் ஒலியை அணைத்துவிட்டால் பக்கத்து நாற்காலிக்காரருக்குக்கூடக் கேட்காது. ஏ6400-இன் திரை ஷட்டர் ஆலாபனை நடுவே நன்றாகக் கேட்கும். அதில் சைலன்ட் ஷூட்டிங் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் அந்தச் சென்சார் மேலிருந்து கீழாகப் படிக்க நேரம் எடுக்கும். மேடையின் எல்.இ.டி. விளக்கு மின்சாரத்தின் போக்குக்கு நொடிக்கு நூறு தடவை கூடிக் குறையும். விளைவு, படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள். ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் பெரும்பாலும் பட்டை மறையும், ஏனென்றால் ஒவ்வொரு வரிசையும் முழு ஏற்ற இறக்கத்தையும் வாங்கிவிடும். ஆனால் 1/100-இல் மிருதங்கக்காரரின் விரல்கள் கலங்கும், சென்சார் மெதுவாகப் படிப்பதால் வளைந்தும் தெரியும். பாடகர்கள் போதுமென்றால் அது சரி.

வெயிலில் இன்னொரு எச்சரிக்கை. சிறிய சென்சாரில் அப்பர்ச்சரை அதிகம் மூடாதீர்கள். ஆர்எக்ஸ்100-இன் ஒரு பிக்சல் 2.4 மைக்ரான். எஃப்/5.6-ஐத் தாண்டினால் ஒளி விளிம்பில் விரிந்து படம் மழுங்க ஆரம்பிக்கும், எஃப்/11-இல் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும். மூட வேண்டிய அவசியமும் கிடையாது. 24 மி.மீ.யில் எஃப்/4 வைத்து 1.8 மீட்டரில் ஃபோகஸை நிறுத்தினால், 90 செ.மீ. முதல் அடிவானம் வரை எல்லாம் தெளிவு. தெருவில் எடுக்கிறவர்களுக்கு இது பொக்கிஷம். ஃபோகஸ் தேடும் நேரமே கிடையாது. ஏ6400-இல் அதே ஆழத்துக்கு எஃப்/7.1 வரை மூட வேண்டும், அது அந்தச் சென்சாருக்கு ஒன்றும் செய்யாது.

குற்றாலம் போன்ற அருவியில் தண்ணீரைப் பட்டாக எடுக்க 1/8 அளவுக்கு மெதுவான ஷட்டர் வேண்டும். மார்க் 3-இல் வெளிச்சத்தை மூன்று ஸ்டாப் குறைக்கும் என்.டி. ஃபில்டர் உள்ளேயே இருக்கிறது, ஒரு பட்டனில் வந்துவிடும். இதற்காக மட்டும் எஃப்/8 வரை போகலாம். மார்க் 7-இல் அந்த ஃபில்டரை எடுத்துவிட்டார்கள். முன்னால் திருகி மாட்டவும் வழியில்லை. கிட் லென்ஸுக்கு 40.5 மி.மீ. ஃபில்டர் கடையில் கிடைக்கும்.

பேட்டரியில் மிர்ரர்லெஸ் முன்னால். ஒரு சார்ஜுக்கு ஏ6400 சுமார் 410 படம், மார்க் 3 320, மார்க் 7 260. காம்பாக்ட் வாங்கினால் கூடவே ஒரு உபரி பேட்டரி வாங்கிவிடுங்கள், மலிவான போலியை மட்டும் தொடாதீர்கள். அது உப்பிவிட்டால் பேட்டரி அறைக்குள் சிக்கிக்கொள்ளும். நெம்பி எடுக்கும்போது பிடிப்புக் கொக்கி உடையும். மார்க் 7-இல் 4கே வீடியோ எடுத்தால், வாங்கியபோது இருக்கும் அமைப்பில் ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும். சூடாகும் எல்லையை மெனுவில் உயர்த்தலாம், ஆனால் சித்திரை வெயிலில் சின்ன உடம்பு சூட்டை எங்கே கொண்டுபோய் விடும்? நீளமான வீடியோ என்றால் ஏ6400-ஐ எடுங்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவே ரிக்கோ ஜிஆர் 3 என்று ஒன்று. 257 கிராம், 33 மி.மீ. தடிமன், ஆனால் உள்ளே ஏபிஎஸ்-சி சென்சார், ஸ்டெபிலைசரோடு. ஜூம் கிடையாது, 28 மி.மீ. எஃப்/2.8 மட்டும். துளை 6.5 மி.மீ. ஃபிளாஷ் இல்லை, ஒரு சார்ஜுக்கு 200 படம். ஒரே கோணத்தில் வாழப் பழகியவருக்கு இதைவிட நல்ல பாக்கெட் கேமரா இல்லை. வீட்டில் எல்லோரும் எடுக்கும் பொதுக் கேமராவாக வாங்காதீர்கள்.

பழைய கேனன் இக்ஸஸ் போன்ற, 1/2.3 இன்ச் சென்சார் கொண்ட சின்ன டிஜிட்டல் கேமராக்களை இப்போது தேடி வாங்குகிறார்கள். அந்தச் சென்சாரின் பரப்பு 28 சதுர மி.மீ. இன்றைய நல்ல போன்களின் முதன்மைச் சென்சார் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அந்த நிறமும் ஃபிளாஷ் வெளிச்சமும் பிடித்திருந்தால் தாராளமாக வாங்கலாம். போனைவிடத் தெளிவாக வரும் என்று நம்பி வாங்கினால் காசு போச்சு.

தூசி, மணல், ஈரம்

ஜூம் லென்ஸ் நீண்டு மடங்கும்போது கொல்லன் துருத்திபோலக் காற்றை இழுத்துத் தள்ளும். கைக்குட்டை நூலும் பைத்தூளும் இருக்கும் பேன்ட் பையில் காம்பாக்டை அப்படியே போட்டால், அந்தத் தூள் குழாய் இடுக்கில் ஒட்டி, அடுத்த தடவை ஆன் செய்யும்போது உள்ளே போகும். சென்சார்மேல் உட்கார்ந்துவிட்டால் எடுக்க வழியில்லை. முழுக் கேமராவையும் பிரிக்க வேண்டும். மெல்லிய துணி உறை ஒன்று போட்டு வைத்தால் இதில் முக்கால்வாசி குறையும்.

மெரினா மாதிரி இடத்தில் ஆபத்து இன்னும் அதிகம். குழாய்களுக்கு நடுவே ஒரு மணல் துகள் போதும். லென்ஸ் பாதியில் நின்று, ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்லும் செய்தி திரையில் வரும். அணைக்கும் முன்பே லென்ஸைத் தரையை நோக்கிப் பிடித்து, ரப்பர் புளோயரால் குழாயைச் சுற்றிலும் நாலைந்து தடவை ஊதி, அதற்குப் பிறகு ஆஃப் செய்யுங்கள். சிக்கிவிட்டால் விரலால் திருப்பித் தள்ளாதீர்கள், உள்ளே இருக்கும் பல்சக்கரம் பிளாஸ்டிக்.

மிர்ரர்லெஸ்ஸில் தூசி வருவது இன்னும் எளிது, ஏனென்றால் ஏ6400-ஐ அணைத்தாலும் ஷட்டர் திறந்தே இருக்கும், லென்ஸைக் கழற்றினால் சென்சார் வெட்டவெளியில். ஆனால் எடுப்பதும் எளிது. லென்ஸ் மாற்றும்போது முதலில் ஆஃப் செய்து, கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு, மாட்ட வேண்டிய லென்ஸின் பின்மூடியை முன்பே தளர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். தூசி விழுந்துவிட்டால், பேட்டரி முழுதாக இருக்கும்போது மெனுவில் கிளீனிங் மோடைப் போடுங்கள். சென்சார் ஒரு கணம் அதிரும். பிறகு ஆஃப் செய்து, லென்ஸைக் கழற்றி, வாய் கீழே பார்த்தபடி புளோயரால் ஐந்தாறு ஊது. வாயால் ஊதக் கூடாது, எச்சில் துளி தூசியைவிடக் கேடு. டப்பாவில் வரும் அழுத்தக் காற்றும் கூடாது, அதிலுள்ள திரவம் தெறிக்கும். அதற்கும் போகாத கறைக்கு 16 மி.மீ. சென்சார் துடைப்பான், முனையில் இரண்டு சொட்டு திரவம், இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு, திருப்பி வலமிருந்து இடமாக ஒன்று. அத்தோடு அந்தத் துடைப்பானைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். தேய்க்காதீர்கள்.

கடற்கரை ஊர்களில் பூஞ்சை இரண்டு கேமராவையும் ஒன்றுபோலத் தின்னும். காற்றில் ஈரம் 60 சதவீதத்துக்கு மேல் வாரக்கணக்கில் இருந்தால் போதும், கண்ணாடிமேல் சிலந்தி வலைபோல் படரும். ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டி, அதில் 200 கிராம் ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. முள் 40-க்கும் 50-க்கும் நடுவே நின்றால் சரி. மணிகள் பச்சையானால் ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சாகும். தோல் பையிலோ துணி அலமாரியிலோ மாதக்கணக்கில் வைத்துவிடாதீர்கள், அந்த நாரும் தோலும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஏ.சி. அறையிலிருந்து வெளியே வரும்போது கேமராவை ஜிப் உள்ள பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்து வாருங்கள். 22 டிகிரியில் குளிர்ந்த கண்ணாடி சென்னைக் காற்றில் உடனே வியர்க்கும். காம்பாக்ட் பத்துப் பதினைந்து நிமிடத்தில் சூட்டுக்கு வந்துவிடும், பெரிய லென்ஸுக்கு அரை மணி நேரம் ஆகும்.

வாங்கும்போது

வாங்குவதற்குமுன் ஒரு கணக்குப் போடுங்கள். அடுத்த ஒரு வருடத்துக்குள் இரண்டாவது லென்ஸ் வாங்கப் பணம் இருக்கிறதா? இல்லையென்றால் மார்க் 3 மாதிரி எஃப்/1.8 காம்பாக்டை வாங்குங்கள். இருக்கிறதென்றால் ஏ6400-ஐக் கிட் லென்ஸ் இல்லாமல், உடல் மட்டும் வாங்கி, மிச்சத்தைச் சிக்மா 30-இல் போடுங்கள். கிட் லென்ஸ் பிறகு பழையதாக மலிவாகக் கிடைக்கும்.

மார்க் 3-ஐப் பெரும்பாலும் பழையதாகத்தான் வாங்க வேண்டியிருக்கும். விற்பவர் முன்னாலேயே பத்துத் தடவை ஆன், ஆஃப் செய்யுங்கள். லென்ஸ் சீராக வரவேண்டும், கரகரவென்ற சத்தம் கேட்டால் மணல். முன்னால் மூடும் இதழ்கள் முழுதாகத் திறக்கிறதா, ஒன்று பாதியில் நிற்கிறதா என்று பாருங்கள். மேலே எழும் வியூஃபைண்டரை உயர்த்தி, கண் வைக்கும் பகுதியைப் பின்னால் இழுத்து, படம் தெளிகிறதா என்று பாருங்கள். அப்பர்ச்சரை எஃப்/11-க்கு மூடி, வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் ஒரு படம். சாம்பல் நிறப் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி, அதற்கேற்ப விலையைக் குறைக்கச் சொல்லலாம், அல்லது எழுந்து வரலாம். அடுத்து, செய்தித்தாள் இரண்டைச் சுவரில் விரித்து ஒட்டி, நேரெதிரே நின்று, 24-இல் எஃப்/2.8, 70-இல் எஃப்/2.8 என்று இரண்டு படம். நான்கு மூலைகளிலும் எழுத்து ஏறக்குறைய ஒன்றாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கலங்கியிருந்தால் கேமரா எப்போதோ கீழே விழுந்து லென்ஸ் சாய்ந்திருக்கிறது.

ஏ6400 என்றால் அதே சுவர்ப் படத்தை எஃப்/16-இல் எடுங்கள், தூசி இருந்தாலும் பயமில்லை, கீறல் இருந்தால் விடுங்கள். கீறல் கோடாகத் தெரியும், தூசி வட்டமாக. லென்ஸ் மாட்டும் வளையத்தில் உள்ள தங்க நிறத் தொடுமுனைகள் பச்சை பிடிக்காமல் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

பணத்தைக் கொடுப்பதற்கு முன் உங்கள் மெமரி கார்டில்தான் இந்தப் படங்களை எடுத்திருக்க வேண்டும். மூன்று அங்குலத் திரையில் எல்லாப் படமும் அழகாகத்தான் தெரியும். ஒரு லேப்டாப்பில் போட்டு, நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, மூலைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.